தெரியாத கேள்விக்கும் பதில் எழுதுங்கள்: இணைய வினாடி வினாக் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

"ஆசைதான், ஆனால் எனக்கு அவ்வளவு பொது அறிவு கிடையாதே" என்று சொல்லி இணைய வினாடி வினாக் குழுக்களின் வாசலிலேயே நின்றுவிடுபவர்கள் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பொது அறிவைச் சேர்த்துக்கொண்டு அப்புறம் விளையாட வரவேண்டும் என்றில்லை. விளையாட விளையாடத்தான் அது சேரும். வரும்போது உங்களிடம் இருக்கவேண்டியது ஒன்றே ஒன்று: தெரியாத கேள்விக்கும், எங்கும் தேடிப் பார்க்காமல், யோசித்து ஒரு பதிலை எழுதிவிடும் துணிவு. அது இருந்தால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

படி 1: உங்களுக்கு ஒத்துவரும் வகையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் குழுக்களும் ஒரே மாதிரி விளையாடுவதில்லை. வகை தெரியாமல் போய் மாட்டிக்கொண்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்று ஒரே நாளில் விலகிவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்களுக்குச் சரிப்படாதது அந்த வகைதான்.

முதலாவது, வேக விளையாட்டு. கஹூட் போன்ற தளங்களில் கேள்வி திரையில் வரும், நான்கு விடைகள் இருக்கும், கடிகாரம் ஓடும். டெலிகிராம் குழுக்களில் 2020 முதல் வாக்கெடுப்பு வடிவிலேயே வினாடி வினா நடத்த முடிகிறது. அதில் ஒருமுறை விடையைத் தொட்டுவிட்டால் மாற்ற முடியாது. டிஸ்கார்ட் போன்ற அரட்டைத் தளங்களில் ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) கேள்வியைப் போடும், யார் முதலில் சரியாகத் தட்டச்சு செய்கிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. வேக விளையாட்டில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு பதற்றம். கஹூட்டின் வழக்கமான கணக்கைப் பாருங்கள்: ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. 20 நொடிக் கேள்வியில் 10 நொடி யோசித்துவிட்டுச் சரியாகச் சொன்னாலும் 750 கிடைக்கும். கடைசி நொடியில் சரியாகத் தொட்டால்கூடச் சுமார் 500. தவறாகத் தொட்டால் பூஜ்யம். ஆக, இரண்டு மூன்று நொடி நிதானித்து முழுக் கேள்வியையும் படிப்பதில் இழப்பது மிகக் கொஞ்சம்.

இரண்டாவது, நிதான விளையாட்டு. காலையில் கேள்விகளைப் போட்டுவிடுவார்கள். இரவுக்குள் உங்களுக்கு வசதியான நேரத்தில் பதில் அனுப்பலாம். 1997இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் லேர்ண்டு லீக் என்ற இணையப் போட்டி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆட்ட நாள் ஒவ்வொன்றிலும் 6 கேள்விகள், ஒரு பருவத்துக்கு 25 ஆட்ட நாட்கள், ஒவ்வொரு நாளும் புதிய எதிராளி. இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் தற்காப்பு. எதிராளி எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி பெறலாம் என்பதை நீங்கள்தான் ஒதுக்க வேண்டும்: ஒரு கேள்விக்கு 0, இரண்டுக்கு 1, இரண்டுக்கு 2, ஒன்றுக்கு 3. அவருக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றும் கேள்விக்கு 0, தெரிந்திருக்காது என்று தோன்றுவதற்கு 3. அவருடைய பழைய பதில்களைப் பார்த்து, விளையாட்டில் வலுவானவரா, அறிவியலில் வலுவானவரா என்று கணிக்க வேண்டும். அழைப்பு இருந்தால்தான் அதில் சேர முடியும் என்றாலும், இதே பாணியைப் பின்பற்றும் சிறிய குழுக்கள் பல இருக்கின்றன.

மூன்றாவது, அணியாகச் சேர்ந்து காணொளி அழைப்பில் நேரடியாக விளையாடுவது. நடத்துநர் திரையில் கேள்வியைக் காட்டுவார். அணிகள் தனித்தனி அறையில் பேசி முடிவு செய்யும். கேள்விகள் நீளமாகவும், யோசித்தால் பிடிபடுவதாகவும் இருக்கும். மூன்றிலும் சுவை அதிகம் இதில்தான்.

என் பரிந்துரை: நிதான விளையாட்டில் தொடங்குங்கள். பத்து நிமிடம் ஒரு கேள்வியோடு உட்கார்ந்து மல்லுக்கட்டிய அனுபவம், பிறகு பத்து நொடியில் யோசிக்க வேண்டிய இடத்தில் கைகொடுக்கும்.

படி 2: ஓரிரு சுற்றுகள் சும்மா பாருங்கள்

சேர்ந்தவுடனே பதில் சொல்லத் தொடங்க வேண்டாம். குழுவின் மேற்பகுதியில் நிலையாக ஒட்டிவைத்திருக்கும் விதிகளைப் படியுங்கள். நான்கு விஷயங்கள் தெளிவாக வேண்டும். தவறான பதிலுக்குப் புள்ளி கழிப்பார்களா? ஒரு கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்லலாம்? பதிலைப் பொதுவில் எழுதுவதா, நடத்துநருக்குத் தனியாக அனுப்புவதா? எழுத்துப் பிழையை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வார்கள்?

மூன்றாவதில் கவனம் தேவை. தனியாக அனுப்பவேண்டிய பதிலைப் பொதுவில் போட்டுவிட்டால் அந்தக் கேள்வியே கெட்டுவிடும். கேள்வியை எழுதியவரின் உழைப்பும் அதோடு போகும். நிதான விளையாட்டில் கெடு முடியும்வரை "ஆஹா, இது அந்தப் படத்தில் வருமே" என்பது போன்ற குறிப்புகூடக் கூடாது.

நேரத்தையும் பாருங்கள். பல நாட்டவர் இருக்கும் குழுக்களில் ஆட்ட நேரத்தை யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) கணக்கில் அறிவிப்பார்கள். சில நாடுகள் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும். யூ.டி.சி. மாறாது. ஆகவே அந்த நேரத்தை உங்கள் நேரத்துக்கு மாற்றிக் கைபேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு வரி போதும்: ஒரு புனைபெயரை எடுத்துக்கொண்டு அதையே எங்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்களுக்கு உங்களை அடையாளம் தெரியும். பரிசு கொடுக்கிறோம் என்று வங்கி விவரமோ, கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணோ, நுழைவுக் கட்டணமோ யாராவது கேட்டால் வெளியேறிவிடுங்கள்.

படி 3: பதிலை எழுதும் முறை

பாட் நடத்தும் ஆட்டத்தில் அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஐன்ஸ்டைனா ஐன்ஸ்டீனா, கான்பெராவா கான்பராவா என்று தமிழில் ஒரே பெயருக்கு இரண்டு மூன்று எழுத்து வழக்குகள் உண்டு. நடத்துநர் எல்லாவற்றையும் ஏற்கும்படி அமைத்திருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும் குழுவானால், பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டும் போதும். முதல் பெயரையும் சேர்த்து எழுதி அதில் தவறிவிட்டால் முழுப் பதிலும் தவறாகிவிடும். "கியூரி" என்று எழுதினால் போதும் என்ற இடத்தில் "ஐரீன் கியூரி" என்று எழுதி மேரி கியூரிக்கான புள்ளியை இழப்பானேன்? அதே நேரம், ஒரே குடும்பப் பெயரில் இரண்டு பேர் பொருந்தும் கேள்வியானால் முழுப் பெயர் வேண்டும். கியூரி குடும்பமே அதற்கு உதாரணம்: தாய், தந்தை, மகள், மருமகன் நால்வருமே நோபல் பெற்றவர்கள்.

படி 4: கேள்வியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். நல்ல கேள்வியில் ஒரு சொல்கூட வீணாக இருக்காது. எழுதியவர் ஒரு நாட்டின் பெயரையோ ஆண்டையோ போட்டிருக்கிறார் என்றால், அது உங்களை விடைக்கு அழைத்துப் போவதற்காகத்தான். இந்தக் கேள்வியைப் பாருங்கள்:

"ஈக்வடாரில் நெய்யப்படும் இந்தப் பொருள் வேறொரு நாட்டின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. 1906இல் ஒரு பெரிய கட்டுமானப் பணியைப் பார்வையிடச் சென்ற அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் இதை அணிந்திருந்தது அந்தப் பெயரை மேலும் பரப்பியது. பொருள் எது?"

விடை தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். நெய்வது, அணிவது: ஆக ஆடை, சால்வை, தொப்பி போல ஏதோ ஒன்று. பெயரில் ஒரு நாடு இருக்கிறது. எந்த நாடு? 1906இல் அமெரிக்க அதிபர் வெளிநாடு போய்ப் பார்க்கும் அளவுக்குப் பெரிய கட்டுமானம் என்னவாக இருக்கும்? அமெரிக்கர்கள் 1904 முதல் 1914 வரை பனாமா கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பனாமாவோடு எதைச் சேர்த்தால் காதில் விழுந்த பெயராக இருக்கிறது? பனாமா தொப்பி. ஈக்வடார் பற்றி ஒன்றுமே தெரியாதவரும் இந்த இடத்துக்கு வந்து சேரலாம். கேள்வியில் இருக்கும் ஒவ்வொரு துண்டையும் எடுத்து "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டால் போதும்.

வேறொரு வகைக் கேள்வி பிரமிடு வடிவில் வரும். கடினமான குறிப்பு மேலே, எளிய குறிப்பு கீழே. "1741இல் வைட்டஸ் பேரிங்கின் கடற்பயணம் ஐரோப்பியர்களை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது. 1867இல் இது 72 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 1959 ஜனவரியில் 49ஆவது மாநிலமானது. பரப்பளவில் அமெரிக்காவின் மிகப் பெரிய மாநிலமான இது எது?" அலாஸ்கா என்பது கடைசி வரியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பஸ்ஸர் அழுத்தி, அதாவது முதலில் பொத்தானை அழுத்துபவரே பதில் சொல்லும்படி, விளையாடும் ஆட்டத்தில் வெற்றி, எந்த வரியில் துணிகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேரிங் என்ற பெயரைக் கேட்டதும் பேரிங் நீரிணை நினைவுக்கு வந்து, அதன் இரு பக்கமும் எந்த நிலங்கள் என்று மனதில் வரைபடம் விரிந்தால், இரண்டாம் வரி முடிவதற்குள் அழுத்திவிடலாம்.

கேள்வி எழுதுபவர்களுக்குப் பிடித்த பொறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். மிகப் பெரிய நகரம்தான் தலைநகர் என்ற எண்ணத்தைக் குறிவைக்கும் கேள்விகள் எங்கும் உண்டு: ஆஸ்திரேலியாவுக்குக் கான்பெரா, துருக்கிக்கு அங்காரா, கனடாவுக்கு ஒட்டாவா, பிரேசிலுக்கு 1960 முதல் பிரசிலியா. வேதிக் குறியீடுகளில் பெயரோடு ஒட்டாதவையும் அடிக்கடி வரும். சோடியத்தின் குறியீடு நேட்ரியம் என்ற லத்தீன் பெயரிலிருந்தும், பொட்டாசியத்தினுடையது காலியம் என்பதிலிருந்தும், டங்ஸ்டனுடையது வுல்ஃப்ரம் என்பதிலிருந்தும் வந்தவை. கோள்களின் பெயர்கள் எல்லாம் ரோமானியக் கடவுளர்களுடையவை என்று நினைத்திருக்கும்போது, யுரேனஸ் மட்டும் கிரேக்கக் கடவுள் என்பது கேள்வியாக வந்து நிற்கும்.

படி 5: துணியலாமா என்று கணக்குப் போடுங்கள்

தவறுக்குப் புள்ளி கழிக்காத ஆட்டத்தில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தவறான பதிலைப் பார்த்து யாரும் சிரிக்கப் போவதில்லை. சிரிக்கும் குழு என்றால் அங்கே இருக்கவே வேண்டாம்.

கழிக்கும் ஆட்டத்தில் கொஞ்சம் கணக்கு வேண்டும். நான்கு விடைகள், சரிக்கு 3 புள்ளி, தவறுக்கு 1 கழிவு என்றால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. நான்கில் ஒன்று நிச்சயமாக விடையில்லை என்று தள்ளிவிட முடிந்தாலே துணிவது லாபம். அணி ஆட்டங்கள் பலவற்றில், கேள்வி உங்கள் முறைக்கு வருமுன்பே நடத்துநருக்கு மட்டும் தெரியும்படி பதிலை அனுப்பலாம். அதற்குச் சரியானால் 10, தவறானால் 5 கழிவு என்று வைத்திருந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறுதி இருந்தாலே அனுப்பலாம். புதியவர்கள் ஏறக்குறைய முழு உறுதி வரும்வரை காத்திருக்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை.

படி 6: தேடிப் பார்க்காதீர்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும்.

இணையத்தில் விளையாடும்போது தேடுபொறியும் ஏ.ஐ. உரையாடல் செயலிகளும் ஒரு விரல் தூரத்தில் இருக்கின்றன. யாரும் பார்க்கப் போவதில்லை. விதிமீறல் என்பதால் மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடினால் இந்த விளையாட்டு உங்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பலனே கைநழுவிப் போகிறது.

நினைவாற்றல் பற்றிய ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு பாடப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொன்றைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்ததுதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: நினைவிலிருந்து எழுத முயன்றதே மனதில் அதிகம் தங்கியிருந்தது. 2009இல் நேட் கோர்னெல், மேத்யூ ஹேஸ், ராபர்ட் பியோர்க் மூவரும் ஒரு படி மேலே போனார்கள். பதில் தெரியவே வாய்ப்பில்லாத கேள்விக்கு ஊகித்துத் தவறிவிட்டு, உடனே சரியான விடையைப் பார்த்தவர்களுக்கு, விடையை நேராகப் படித்தவர்களைவிட அது நன்றாக நினைவில் நின்றது.

வினாடி வினாவில் ஒவ்வொரு கேள்வியிலும் நடப்பது இதுதான். யோசிக்கிறீர்கள், ஏதோ எழுதுகிறீர்கள், தவறுகிறது, சரியான விடை வருகிறது. அந்த விடை உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. தேடிப் பார்த்து எழுதியவருக்குப் புள்ளி கிடைக்கும். அடுத்த மாதம் அதே கேள்வி வந்தால் அவர் மறுபடி தேடவேண்டியிருக்கும். குழுவில் பல ஆண்டுகளாக விளையாடுபவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலோர் தாங்கள் தவறவிட்ட கேள்விகளைத்தான் அப்படியே ஒப்பிப்பார்கள்.

பிறரை ஏமாற்றுக்காரர் என்று சந்தேகிக்க நேர்ந்தால், அதைப் பொதுவில் எழுதாதீர்கள். நடத்துநருக்குத் தனியாகச் சொல்லிவிட்டு உங்கள் ஆட்டத்தைத் தொடருங்கள்.

படி 7: ஆட்டம் முடிந்த பிறகு

விடைகள் வெளியானதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தவறிய கேள்விகளில் உங்களுக்கு ஆர்வம் தட்டிய இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, அவற்றைப் பற்றி ஒரு பத்தி படியுங்கள். இப்போது தேடலாம், தாராளமாகத் தேடுங்கள். எல்லாவற்றையும் குறித்துவைக்க முயன்றால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

குறித்துவைப்பதற்கு எளிய முறை ஒன்று இருக்கிறது. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் பரப்பிய அட்டைப் பெட்டி முறை. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். அதை இன்னும் தாமதமாக எடுத்துப் பார்த்தால் போதும். தவறிய அட்டை முதல் அறைக்குத் திரும்பி வரும். ஆன்கி என்ற இலவசக் கணினி நிரல் இதே தத்துவத்தில் இயங்குகிறது. அட்டையில் வெறும் விடையை எழுதாமல், அதை நினைவூட்டும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். "பனாமா தொப்பி, ஈக்வடார்" என்பதைவிட, "ஈக்வடாரில் நெய்து பனாமா வழியாக விற்றார்கள்" என்பது நிற்கும்.

என்ன படிப்பது என்று கேட்பவர்களுக்கு: 2003 முதல் நடந்துவரும் உலக வினாடி வினா சாம்பியன்ஷிப்பில் 240 கேள்விகள், 8 துறைகள், துறைக்கு 30. பண்பாடு, பொழுதுபோக்கு, வரலாறு, வாழ்க்கைமுறை, ஊடகம், அறிவியல், விளையாட்டு, உலகம். இந்த எட்டில் உங்களுக்கு எது சுத்தமாக வராதோ அதில்தான் குறைந்த உழைப்பில் அதிகம் முன்னேறலாம். விளையாட்டே பார்க்காதவர், எந்த ஆட்டத்தில் ஓர் அணியில் எத்தனை பேர், பெரிய கோப்பைகளின் பெயர் என்ன, ஒலிம்பிக் எந்த ஆண்டு எங்கே நடந்தது என்பதை மட்டும் தெரிந்துகொண்டாலே வித்தியாசம் தெரியும்.

பழைய தகவல்களிடம் எச்சரிக்கை. சிறு வயதில் மனப்பாடம் செய்தது இன்று தவறாகியிருக்கலாம். புளூட்டோ 2006இல் கோள் பட்டியலிலிருந்து நீங்கியது. 2011இல் தெற்கு சூடான் சேர்ந்ததும் ஐ.நா. உறுப்பு நாடுகள் 193 ஆயின. தனிமங்கள் 118, அவற்றில் நான்குக்கு 2016இல்தான் பெயர் சூட்டினார்கள். சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆனது, மாசிடோனியா 2019இல் வடக்கு மாசிடோனியா ஆனது. எவரெஸ்டின் உயரம் 8848.86 மீட்டர் என்று 2020இல் அறிவித்தார்கள். கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா 2019இல் நூர்சுல்தான் ஆகி, 2022இல் மீண்டும் அஸ்தானாவே ஆனது. சனிக்கோளுக்கு 2025இல் ஒரே அறிவிப்பில் 128 நிலவுகள் கூடி எண்ணிக்கை 274 ஆனது. இதுபோன்ற கேள்வி வந்தால், "எந்தத் தேதிப்படி?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 8: அணியில் விளையாடும்போது

அணியில் நடக்கும் மிகப் பெரிய சோகம், சரியான விடை ஒருவர் மனதில் இருந்தும் அவர் சொல்லாமல் போவது. "தப்பா இருக்குமோன்னு நினைச்சேன்" என்பார் பிறகு. ஆகவே, மனதில் பட்டதை உடனே அணியின் அறையில் எழுதுங்கள். கூடவே எவ்வளவு உறுதி என்று பத்துக்கு ஓர் எண் போடுங்கள்: "ஒட்டாவா, 9". "ரோடின் சிற்பமாக இருக்கலாம், 3". இந்த எண் பழக்கம், குரல் உயர்த்திப் பேசுபவரின் ஊகம் மெல்லப் பேசுபவரின் அறிவை அமுக்கிவிடாமல் காப்பாற்றும். முடிவெடுக்கத் தலைவர் ஒருவர் இருக்கட்டும். அவர் எடுத்த முடிவு தவறானால், அந்தக் கேள்வியைப் பற்றிய பேச்சு அடுத்த கேள்வி வரும்போது முடிந்துவிட வேண்டும்.

விடையை முழுசாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. "இது ஏதோ பறவைப் பெயர் மாதிரி வரும்" என்று நீங்கள் சொன்ன அரைகுறைத் துண்டு இன்னொருவர் மனதில் இருக்கும் மறுபாதியை எழுப்பிவிடும். அணி ஆட்டத்தின் மகிழ்ச்சியே அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. தனியாக ஆயிரம் கேள்வி விளையாடினாலும் அது கிடைக்காது.

படி 9: விடை தவறு என்று தோன்றினால்

நடத்துநரும் தவறுவார். சுற்று முடிந்ததும், அதற்கென்று உள்ள இடத்தில், இரண்டு வரியில் சொல்லுங்கள்: கேள்வி எண், உங்கள் விடை, ஏன் அதுவும் பொருந்தும், ஆதாரம். "உலகின் மிக நீளமான ஆறு" என்று மொட்டையாகக் கேட்டால் நைலா அமேசானா என்று அளவிடுபவர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஆட்சேபம் நியாயமானது. முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலான நடத்துநர்கள் ஊதியமில்லாமல், தங்கள் மாலை நேரத்தைச் செலவிட்டுக் கேள்வி தயாரிப்பவர்கள்.

படி 10: நீங்களே ஒரு சுற்று நடத்துங்கள்

சில மாதங்கள் விளையாடியதும் இதைச் செய்துவிடுங்கள். அதிகம் வேண்டாம், பத்துக் கேள்விகள் போதும். ஒரு கேள்வியை எழுதிப் பார்க்கும்போதுதான், பிறர் எழுதும் கேள்விகளைப் படிக்கும் கண் திறக்கிறது.

முதல் விதி: விடை ஒன்றே ஒன்றாக இருக்கும்படி கேள்வியை இறுக்குங்கள். "உலகின் உயரமான மலை எது?" என்று கேட்டால், கடல் மட்டத்திலிருந்து என்றால் எவரெஸ்ட், கடலடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து உச்சிவரை என்றால் ஹவாயின் மௌனா கியா, பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள உச்சி என்றால் ஈக்வடாரின் சிம்போராசோ. மூன்றுமே சரி. "கடல் மட்டத்திலிருந்து" என்ற ஒரு சொற்றொடர் சண்டையைத் தவிர்க்கும். ஆனால் அந்த மூன்றாவது விடையை வைத்து எவ்வளவு அழகான கேள்வி எழுதலாம் என்று பாருங்கள்: பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்ற குறிப்பைக் கொடுத்து, நிலநடுக்கோட்டுக்கு அருகில் தேடும்படி விளையாடுபவரை நடத்திப் போகலாம்.

இரண்டாவது: ஒன்றை ஒன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் தகவலைச் சரிபாருங்கள். இதற்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. ஃப்ரெட் வொர்த் என்பவர் பொது அறிவுத் தகவல் களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தபோது, யாராவது தன்னைப் பார்த்து எழுதினால் கண்டுபிடிப்பதற்காக, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை நுழைத்துவைத்தார். 1979இல் உருவாகி உலகெங்கும் விற்ற டிரிவியல் பர்சூட் விளையாட்டின் கேள்வி அட்டை ஒன்றில் அதே ஃபிலிப் வந்து நின்றார். வொர்த் 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார், தோற்றார். உண்மைத் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதே நீதிமன்றத்தின் நிலை. விளையாட்டை உருவாக்கியவர்கள் வழக்கில் வென்றாலும், அந்த அட்டையைக் கையில் எடுத்தவர்கள் எல்லாம் பொய்யான விடையைத்தான் சரியென்று எண்ணினார்கள். இன்று இணையத்தில் ஒரே பிழை நூறு தளங்களில் நகலாகி, சரிபார்க்கப் போகிறவரையே ஏமாற்றிவிடும்.

மூன்றாவது: ஏற்கத் தக்க விடைகளை முன்கூட்டியே பட்டியலிட்டு வையுங்கள். எழுத்து வழக்குகள், பழைய பெயர்கள், சுருக்கப் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஆட்டத்தின் நடுவே முடிவெடுக்க நேர்ந்தால், யாருக்குச் சாதகமாகச் சொன்னாலும் மற்றவருக்கு மனத்தாங்கல்தான்.

ஆண்டை மட்டும் கேட்கும் கேள்விகளைத் தவிருங்கள். தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆண்டைக் குறிப்பாகக் கொடுத்து வேறொன்றைக் கேளுங்கள். குழுவில் விளையாடாத நண்பர் ஒருவரிடம் கேள்விகளை முன்கூட்டியே காட்டி, எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும், அப்போதுதான் புதிதாக வந்தவரும் கை வைப்பார்.

நடத்தி முடித்ததும், எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர்கூடத் தொடாத கேள்வி இருந்தால் அதைத் தூக்கிப் போடவேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு குறிப்பைச் சேர்த்தால் சரியாகிவிடும். வந்திருந்த தவறான விடைகளை வாசியுங்கள். ஐந்து பேர் ஒரே தவறான விடையை எழுதியிருந்தால், அவர்களை அங்கே அழைத்துப் போனது உங்கள் கேள்வியின் எந்தச் சொல் என்று தேடிப் பிடித்து, அடுத்த சுற்றுக்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.